ஹெட்லைட் மாற்றிக்கொண்டு போன ஞாயிறு: சித்தூரிலிருந்து வரதய்யபாளையம் வரை

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சித்தூரிலிருந்து திருப்பதி, காளஹஸ்தி வழியாக வரதய்யபாளையம் போய், பழவேற்காடு ஏரியில் பறவை பார்த்துவிட்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா, தன்னிடம் இருப்பது பழைய கார், இருட்டில் நம்பி ஓட்டலாமா என்று. முடியும். பதினேழு மாதம் அந்த வழியில் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இருட்டில் ஓட்டலாமா என்பதற்கு எனக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது. 1983 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போன பயணத்தைச் சொன்னால்தான் அந்தப் பதிலும் கூட வரும்.

அப்போது நான் சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர். வயது இருபத்தொன்பது. என் மனைவி கிருபா நர்ஸ். வெதுருகுப்பம் பக்கத்துப் பெண். எண்பத்திரண்டு மே மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அக்டோபரில் அவளுக்கு அரசாங்க வேலை வந்து, வரதய்யபாளையம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிட்டார்கள். மாவட்டம் ஒன்றுதான். ஆனால் நாங்கள் ஒரு கோடி, அது இன்னொரு கோடி. என் காரின் மீட்டர்படி வீட்டு வாசலிலிருந்து அவள் குவார்ட்டர்ஸ் வாசல்வரை 146 கிலோமீட்டர். திருப்பதிவரை 71, அங்கிருந்து காளஹஸ்தி 38, காளஹஸ்தியிலிருந்து வரதய்யபாளையம் 37.

கார் என் நைனாவுடையது. அவர் ஆஸ்பத்திரி டிரைவராக இருந்தவர். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய பழைய கறுப்புக் காரை ஏலத்தில் எடுத்து, ரிடையர் ஆனபிறகு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காலமானதும் அது எனக்கு வந்தது. போய்வர இருபத்தேழு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிறு எப்படி நடக்கும் என்றால், சர்ச்சில் காலை ஆராதனை முடிந்து ஒன்பதரைக்குக் கிளம்புவேன். ஒன்றரைக்குப் போய்ச் சேருவேன். கிருபாவுக்கு டியூட்டி இரண்டு மணிக்கு முடியும். இரண்டே முக்காலுக்கு நான் திரும்பக் கிளம்பியாக வேண்டும். குவார்ட்டர்ஸ் என்பது ஒரே அறை, அதில் மூன்று நர்ஸுகள். நான் தங்க முடியாது. அந்த ஊரில் அப்போது லாட்ஜும் கிடையாது. ஆக எட்டு மணி நேரம் வண்டி ஓட்டி, நாங்கள் சேர்ந்து இருந்தது முக்கால் மணி நேரம்.

இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாமே என்றால், காரில் வெளிச்சம் இல்லை. ஹெட்லைட் இரண்டும் எரியும். ஆனால் மாட்டுத்தொழுவத்தில் தொங்கும் அரிக்கேன் விளக்கு மாதிரி எரியும். அந்த வருஷம் அக்டோபரில் ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் நாலு மணிக்குக் கிளம்பினேன். பாகாலா தாண்டும்போது நல்ல இருட்டு. எனக்கு முன்னால் ஒரு கரும்பு வண்டி போய்க்கொண்டிருந்திருக்கிறது. வண்டிக்குப் பின்னால் ஆறடி நீளத்துக்குக் கரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. என் வெளிச்சத்தில் முதலில் தெரிந்ததே கரும்பின் நுனிதான், அதுவும் கண்ணாடியில் உரசும்போது. வண்டியைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தினேன். கண்ணாடியில் ஒரு கீறலோடு போயிற்று. இதை மறைக்கத் தெரியாமல் அடுத்த முறை கிருபாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து, இனிமேல் நன்றாக இருட்டுவதற்குள் வீட்டுப் பக்கம் போய்விடவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்து இரண்டரை மணி ஆனாலே அவளே என் செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள்.

எனக்கு அந்தச் செருப்பைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று.

நவம்பர் கடைசியில் பள்ளிக்கு லேப் சாமான் கொண்டுவந்த வேன் டிரைவர் ஒருவர், திருப்பதியில் திருச்சானூர் ரோட்டில் சேஷாத்ரி என்று ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், ஹெட்லைட்டுக்குத் தனியாக வயர் இழுத்து, ஹாலஜன் பல்பு போட்டுத் தருகிறார், ராத்திரி பகல் மாதிரி ஆகிறது என்றார். அன்று சாயங்காலமே முடிவு பண்ணிவிட்டேன். கிருபாவுக்குக் கடிதம் எழுதவில்லை. நேரே போய் நின்று, இன்றைக்கு ஏழு மணிவரைக்கும் இருக்கப்போகிறேன் என்று சொல்ல ஆசை.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. காலை 6.10க்குக் கிளம்பினேன். பனி இருந்தது. பூதலப்பட்டில் ஒரு டீ குடித்தேன். சந்திரகிரி தாண்டும்போது கோட்டைக்கு மேலே வெயில் விழுந்திருந்தது. திருப்பதியில் நுழையும்போது மணி சரியாக எட்டு. மலைக்குப் போகிற மொட்டைத் தலைகளும் பஸ்களும் நிறைந்த ஊரைச் சுற்றிக்கொண்டு திருச்சானூர் ரோட்டைப் பிடித்தேன்.

சேஷாத்ரியின் கடை ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கிடங்கு. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், கைகளில் முழங்கைவரை கிரீஸ். ஒரு லாரிக்குக் கீழே படுத்துக்கொண்டு அதன் டிரைவரிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சொல்லுங்கோ சார்."

"ஹெட்லைட் மங்கலா இருக்குது. நூறு வாட்ஸ் பல்பு போடணும்."

"பல்பை அப்புறம் பாப்போம். மொதல்ல வண்டியைப் பாக்கலாம்" என்றார்.

பானெட்டைத் திறந்து ஒரு மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டே கால் வோல்ட்டு. பிறகு ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, பல்பின் பின்னால் அதே மீட்டரை வைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்பதே முக்கால்.

"ரெண்டரை வோல்ட்டு எங்க போச்சு, சொல்லுங்கோ?"

பள்ளியில் இதை மாணவர்களுக்கு மேஜையில் கம்பி கட்டிக் காட்டுகிறவன் நான். என் வண்டியில் பார்க்கத் தோன்றவே இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து காலால் அமுக்குகிற டிம் சுவிட்சுக்கு வந்து, மறுபடி முன்னால் போய்த்தான் விளக்கைச் சேருகிறது. இருபது வருஷத்து மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்சு, துருப்பிடித்த எர்த். வழியெல்லாம் சிந்திவிட்டு மிச்சம்தான் பல்புக்கு.

"இதுல நூறு வாட்ஸ் போட்டேள்னா சுவிட்சு உருகிடும். வயர் புகையும். அது மட்டும் இல்லை, உங்க டைனமோ குடுக்கறது இருபத்திரண்டு ஆம்பியர். ரெண்டு நூறு வாட்ஸுக்கே பதினேழு போயிடும். மெதுவாப் போறச்சே டைனமோ அவ்வளவும் குடுக்காது. பேட்டரி காலியாயி நடு ரோட்டுல நிப்பேள். அறுபது வாட்ஸ் போதும். முழு வோல்ட்டு போச்சுன்னா அறுபதே இப்ப இருக்கறதுக்கு மூணு பங்கு."

"எனக்கு நல்ல வெளிச்சம் வேணும்" என்றேன். "சித்தூர் வரைக்கும் இருட்டுல போகணும்."

"டூட்டியா?"

எனக்குப் பொய் சொல்ல ஏதும் தோன்றவில்லை. மனைவி வரதய்யபாளையத்தில் இருக்கிறாள், இருட்டுக்கு முன்னால் திரும்ப வேண்டியிருக்கிறது, முக்கால் மணி நேரம்தான் கிடைக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சேஷாத்ரி சிரிக்கவில்லை. லாரி டிரைவரைப் பார்த்து, "கொஞ்செம் ஆகண்டி, ஈயன தூரம் வெள்ளாலி" என்றார், கொஞ்சம் பொறுங்கள், இவர் தூரம் போகவேண்டும் என்று. லாரிக்காரரும் சரி என்று பீடியோடு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

எட்டு இருபதுக்கு வேலை ஆரம்பித்தது. பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு வயரை நேராக முன்பக்கம் இழுத்தார். நடுவில் ஒரு ஃபியூஸ். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. இனிமேல் டாஷ்போர்டு சுவிட்சு ரிலேவுக்குச் சைகை காட்டுவதோடு சரி, விளக்குக்கான கரண்ட் இந்தக் குறுக்கு வழியில் போகும் என்றார். எர்த் வயரையும் பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். பழைய விளக்குகளின் ரிஃப்ளெக்டர் உள்ளே கறுத்துப்போயிருந்தது. புதுப் பல்பின் அடிப்பாகம் அதில் உட்காரவும் இல்லை. அதனால் விளக்கு இரண்டையும் கண்ணாடியோடு மாற்ற வேண்டி வந்தது. சாமானும் கூலியும் சேர்ந்து முந்நூற்று நாற்பது ரூபாய். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகைதான்; இப்போது செய்கிறவர்களுக்கு ஒரு ஒப்பீட்டுக்காக எழுதுகிறேன்.

நடுவில் பதினோரு மணிக்கு அவர் டிபன் டப்பாவைத் திறந்து புளியோதரையில் பாதியை எனக்குக் கொடுத்தார். மலை மேலே கோயிலில் அவர் அண்ணன் சேவை செய்கிறாராம். "அப்பாவுக்கு அப்புறம் அது ஒருத்தருக்குத்தான். அண்ணாவுக்குப் பெருமாள், எனக்கு பேட்டரி" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை.

கடைசி வேலைக்குத்தான் அந்தப் பாதி கட்டிய கிடங்கு. உள்ளே ஜன்னல் இல்லை, நல்ல இருட்டு. வண்டியைச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் இரண்டு சிலுவை போட்டார். விளக்கைப் போட்டதும் சுவர் வெள்ளையாக எழும்பி நின்றது. பின்னால் நின்ற லாரிக்காரர் "அப்பா" என்று ஒரு சத்தம் விட்டார். சேஷாத்ரி மட்டும் ஸ்க்ரூவைத் திருகித் திருகி, டிம் வெளிச்சம் சிலுவைக்குக் கீழே நிற்கும்வரை விடவில்லை.

"எதிர்ல வர்றவன் கண்ணுல படக்கூடாது சார். அவனுக்குக் கண்ணு கூசித்துன்னா உங்க மேலதான் வந்து ஏறுவான்."

மீட்டரை வைத்துக் காட்டினார். பல்புக்குப் பன்னிரண்டு வோல்ட்டு. மணி பன்னிரண்டேகால்.

ரேணிகுண்டாவில் ரயில்வே கேட்டில் எட்டு நிமிஷம் நின்றேன். காளஹஸ்திவரை ரோடு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு ஒற்றைத் தார் ரோடு. எதிரில் பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்க வேண்டும். ஏரிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. பட்டப்பகலில் இரண்டு மூன்று தடவை ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தேன். எதிரில் வந்த ஒரு பஸ் டிரைவர் என்னை முறைத்துக்கொண்டு போனார்.

இரண்டு பதினைந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிருபா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றவில்லை.

"ஏங்க, ரெண்டு மணியிலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன். என்ன ஆச்சு? இப்ப வந்து எப்பத் துன்னு எப்பக் கெளம்புவீங்க?"

"ஏழு மணிக்குக் கெளம்புவேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. வண்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் புது விளக்கைக் காட்டினேன். ரிலே, வயர், பன்னிரண்டு வோல்ட்டு எல்லாம் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பு. அவள் விளக்கின் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஏழு மணி வரைக்குமா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் என்னவோ இருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டோம். தடாவுக்குப் போய்ப் பழவேற்காடு ஏரியைப் பார்த்துவிட்டு வரலாமா என்று நான்தான் கேட்டேன். பதினான்கு மாதமாக அவள் அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டரில் இருக்கிறாள், பனிக்காலத்தில் பூநாரை வருகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், நாங்கள் பார்த்ததில்லை. அவள் நீலப் புடவைக்கு மாறி வந்தாள். மூன்று மணிக்குக் கிளம்பினோம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் காரில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவரை நாலைந்து தடவைதான் இருக்கும். கியர் மாற்றும்போது கை அவள் முழங்காலில் பட்டது. அவள் நகர்ந்துகொள்ளவில்லை.

தடாவில் நெடுஞ்சாலையைக் கடந்து மண் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போனால் ஏரிக்கரை. மூன்று நாற்பதுக்கு வண்டியை ஒரு பனைமரத்துக்குக் கீழே விட்டோம். முழங்கால் அளவுத் தண்ணீர் கண்ணுக்கு எட்டினவரை கிடந்தது. தூரத்தில் வெளுப்பாக ஒரு கோடு. மணல்திட்டு என்று நினைத்தேன். அது அசைந்தது. அவ்வளவும் பூநாரை. ஏரி கிழக்குப் பக்கம், சூரியன் நமக்குப் பின்னால், ஆகவே சாயங்கால வெயில் முழுவதும் பறவைகள் மேல்தான் விழும். போகிறவர்கள் நாலரைக்கு மேல் போங்கள். அப்போதுதான் அந்த இளஞ்சிவப்பு நன்றாகத் தெரியும்.

கரையில் உட்கார்ந்தோம். நேரம் இருந்ததால் பேச அவசரம் இல்லை என்று எனக்கு அது சுகமாக இருந்தது. அவள் புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு மஸ்கட்ல வேலை கெடச்சிருக்குது. பெரிய ஆஸ்பத்திரி. ஆபரேஷன் தியேட்டர்ல. மூணு வருஷம்."

முதலில் எனக்கு அது வேறு யாரையோ பற்றிய செய்தி மாதிரி இருந்தது. செப்டம்பரில் ட்ரெய்னிங் என்று சொல்லி மெட்ராஸ் போனாளே, அது இன்டர்வியூ. கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி போகிறாள் என்று துணைக்குப் போய், தானும் பேர் கொடுத்திருக்கிறாள். கிடைக்காது என்று நினைத்தாளாம்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஆறு வாரமா."

"ஆறு வாரத்துல மூணு தடவை வந்துட்டுப் போனேனே கிருபா."

"முக்கால் மணி நேரம் வந்துட்டுப் போனீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதுல சோறு போடுவனா, இதைச் சொல்லுவனா? சொன்னா நீங்க அதையே நெனச்சுக்கினு நூத்தைம்பது கிலோமீட்டர் ஓட்டுவீங்க. ரோட்ல ஏதாவது ஆச்சா, நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தீங்களான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்க லெட்டர் வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கணும். ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னு வாயெடுப்பேன். ரெண்டரை ஆயிடும்."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. நாளைக்கே எழுதிப் போட்டுடறேன். போவல."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அதனாலேயே எனக்குச் சொல்ல வரவில்லை.

"உனக்குப் போவணுமா?"

"நான் தியேட்டர் நர்ஸுங்க" என்றாள். "மூணு வருஷம் அதுக்குத்தான் படிச்சேன். இங்க பதினாலு மாசமா மலேரியா மாத்திரை குடுத்துக்கினு, ரிஜிஸ்டர் எழுதிக்கினு இருக்கேன். கை மறந்துபோவுது. போவணும். ஆனா உங்கள விட்டுட்டுப் போவணும்னு இல்ல. ரெண்டும் சேந்து வருது, நான் என்ன செய்யட்டும்?"

அப்போது அழுதாள். நானும். எங்களுக்குப் பின்னால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, யாரோ செத்துப்போன சேதி வந்திருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பேசாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தே முக்காலுக்குச் சூரியன் இறங்கிற்று. ஏரி சாம்பல் நிறமானது. வண்டியைத் திருப்பி விளக்கைப் போட்டேன். மண் ரோடு, பனைமரங்கள், தூரத்தில் ஒரு ஆட்டுக் கிடை எல்லாம் ஒரே நொடியில் எழுந்து வந்தன. கிருபா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நல்லா தெரியுதுங்க" என்றாள். "இனிமே பயம் இல்ல." அவள் அதை மனசாரச் சொல்ல, எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட வேண்டும் போல இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஏழு பத்துவரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இறங்கும்போது, "ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

"அடுத்த ஞாயிறு சொல்றேன்."

"ரெண்டு வாரம் ஆவும்."

"இல்ல. அடுத்த ஞாயிறே வரேன்."

திரும்பி வந்த வழியைப் பற்றி உபயோகமாகச் சொல்ல அதிகம் இல்லை. பிரைட் போட்டால் நூற்றைம்பது கெஜத்துக்கு ரோடு தெளிவாகத் தெரிந்தது. எதிரில் லாரி வந்தால் டிம் பண்ணினேன், அவர்களும் பண்ணினார்கள். காளஹஸ்தியில் எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டேன். திருப்பதியை ஒன்பதுக்குத் தாண்டினேன். பேட்டரி, வயர், ஃபியூஸ் எதுவும் சூடாகவில்லை. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. ஏறக்குறைய நாலு மணி நேரம் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லச் சில காரணங்கள் கிடைத்தன. நான் தனியாகிவிடுவேன், ஊரில் என்ன சொல்வார்கள், குழந்தை. ஒவ்வொன்றையும் அவளிடம் சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். அவள் சரி என்பாள். அடுத்த நாள் காலை போய் மலேரியா மாத்திரையை எண்ணுவாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சந்திரகிரி தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சித்தூர் வந்தபோது மணி பதினொன்று.

அடுத்த ஞாயிறு போனேன். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே, "போய்ட்டு வா" என்று சொன்னேன். இறங்கிவிட்டால் சொல்ல மாட்டேனோ என்று பயம்.

விசா வர மார்ச் ஆயிற்று. அதுவரை வாராவாரம் போனேன். பதினோரு ஞாயிறு. ஒவ்வொன்றிலும் ஐந்து மணி நேரம். சத்தியவேடு சந்தைக்குப் போனோம். காளஹஸ்திக்கு அந்தப் பக்கம் சொர்ணமுகி ஆற்று மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை சாப்பிட்டோம். ஒருநாள் திருச்சானூர் ரோட்டில் நிறுத்தி சேஷாத்ரியிடம் அவளைக் காட்டினேன். "வெளிச்சம் போறுமா அம்மா?" என்று கேட்டார். கிருபா, "ரொம்ப போதுங்க" என்றாள். அவருக்கு மஸ்கட் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கை ஆரம்பித்தது அந்தப் பதினோரு ஞாயிறுகளில்தான் என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

மீனம்பாக்கத்துக்கு நானேதான் காரில் கொண்டுபோய் விட்டேன். விடிகாலை விமானம். வரதய்யபாளையத்திலிருந்து தடா வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, வழி முழுவதும் அந்த விளக்கில்தான் போனோம்.

இனி, கேட்டவருக்குப் பதில். சித்தூர் திருப்பதி ரோடு இப்போது அகலமாகிவிட்டது. 71 கிலோமீட்டரை ஒன்றேகால் மணியில் போகலாம். காளஹஸ்தி, வரதய்யபாளையம் ரோடும் நன்றாக இருக்கிறது. ஆனால் தொழிற்சாலைகள் வந்தபிறகு சாயங்காலம் ஷிப்டு பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் அதிகம். ஏரிக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை போங்கள். தண்ணீர் கையில் கொண்டுபோங்கள், கரையில் கடை கிடையாது. காலை ஆறுக்குச் சித்தூரில் கிளம்பினால், காளஹஸ்தி கோயிலையும் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு ஏரியில் இருக்கலாம். திரும்பி வர இரவு பத்து.

பழைய காரில் போகிறவர்கள் முதலில் பல்பை மாற்றாதீர்கள். பேட்டரியில் எவ்வளவு, பல்பில் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலும் எர்த்திலும்தான் கோளாறு. தனி வயர், ஃபியூஸ், ரிலே போட்டபிறகு சாதாரண அறுபது வாட்ஸ் பல்பே தாராளம். சுவருக்கு எதிரில் நிறுத்தி உயரம் சரிபார்க்காமல் ரோட்டுக்குப் போகாதீர்கள். இப்போது கண்ணைப் பறிக்கிற வெள்ளை விளக்குகளைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சேஷாத்ரி இவர்களை அந்தக் கிடங்கு இருட்டில் நிற்கவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இத்தனையும் சரியாக இருந்தால், ஆம், இருட்டில் ஓட்டலாம்.

கிருபா மூன்று வருஷம் என்று போனவள் மூன்று வருஷம் நாலு மாதம் கழித்து வந்தாள். அதன்பிறகு வேலூரில் தியேட்டர் வேலை கிடைத்தது. சித்தூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், பஸ்ஸில் தினமும் போய்வந்தாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் அந்த மூன்று வருஷம் நாலு மாதமும் கடிதம்தான். போக பன்னிரண்டு நாள், வர பன்னிரண்டு நாள். முதல் ரம்ஜான் மாதத்தில் அவள் எழுதியதிலிருந்து நாலு வரி இங்கே போடுகிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான்.

"தியேட்டரில் இன்று ஏழு கேஸ். கை பழைய மாதிரி வந்துவிட்டது. இங்கே ரோடு பூராவும் விளக்கு, ராத்திரியில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம். என் ஜன்னலில் நின்றால் எந்தக் கார் வந்தாலும் ரொம்ப தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. திரும்பும் இடம்வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லாம் வேறு பக்கம் திரும்பிப் போகிறது."